நொதியை நிறுத்தினால் ஒட்டுண்ணி சாகுமா? சேலத்தில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் பாடம் எடுக்கிறேன். டிசம்பர் பிறந்தால் எம்.எஸ்சி. பிள்ளைகள் புராஜெக்ட் தலைப்போடு வந்து நிற்பார்கள். பாதிப் பேர் கையில் இருப்பது ஒரே தலைப்புதான்: ஏதோ ஒரு மூலிகை, அதிலுள்ள ஏதோ ஒரு வேதிப்பொருள், மலேரியாக் கிருமியின் ஏதோ ஒரு நொதி. ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படித்தவர் என்று பெயர் பரவியதால் மேச்சேரிப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள், லாரி ஓட்டுபவர்கள் வீட்டார், ஏற்காட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: ஒட்டுண்ணியின் வளர்சிதை மாற்ற நொதியைக் குறிவைப்பது என்றால் என்ன?

ஆத்தூர்ப் பக்கம் ஒரு சேகோ மில்லுக்குள் போய்ப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். குச்சிக்கிழங்கு லாரியில் வந்து இறங்குகிறது, தோல் உரிகிறது, கழுவி அரைக்கிறார்கள், கிழங்குப் பாலை வடிகட்டித் தொட்டியில் விட்டு மாவு படிய விடுகிறார்கள், அப்புறம் அந்த ஈர மாவைத் துணித் தூளியில் குலுக்கி மணியாக உருட்டி, சட்டியில் வறுத்து, களத்தில் வெயிலில் காய வைக்கிறார்கள். ஒரு படியில் ஆள் வராவிட்டால் அடுத்த படிக்குச் சரக்கு இல்லை. உயிரணுவுக்குள்ளும் சர்க்கரையிலிருந்து ஆற்றல் எடுப்பது, டிஎன்ஏவுக்கு வேண்டிய துண்டுகளைச் செய்வது எல்லாம் இப்படிப் படிப்படியாகத்தான் நடக்கிறது. ஒவ்வொரு படியிலும் வேலை செய்யும் ஆள்தான் நொதி. ஒட்டுண்ணியின் மில்லில் ஓர் ஆளை மட்டும் கையைக் கட்டிப்போட ஒரு சிறு வேதிப்பொருளைத் தேடுகிறோம். அதைத் தடுப்பான் என்கிறோம்.

இதில் ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மில்லில் கழுவும் தொட்டி மூன்று இருந்து ஒன்று பழுதானால் ஜவ்வரிசி உற்பத்தி குறையாது, மற்ற இரண்டும் ஈடு கட்டும். நொதிகளும் அப்படித்தான், பல நொதிகள் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. ஆப்பிரிக்கத் தூக்க நோயைத் தரும் டிரிப்பனோசோமாவில் சர்க்கரை உடையும் பாதையைக் கணக்கிட்டுப் பார்த்தபோது, ஓட்டத்தின் வேகத்தைப் பெருமளவு தீர்மானித்தது உள்ளே இருக்கும் பெயர்பெற்ற நொதிகள் இல்லை, சர்க்கரையை உள்ளே விடும் வாசல்தான் என்று 1999இல் எழுதினார்கள். ஆக, ஒரு நொதியைப் பாதி அடக்கிவிட்டேன் என்பதால் மட்டும் ஒட்டுண்ணிக்கு வலிக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

கேள்வி: அதே நொதிகள் நம் உடம்பிலும் இருக்கின்றனவே, மருந்து நம்மையும் தாக்காதா?

தாக்கும். தாக்காமல் இருக்க ஒரு வித்தியாசம் வேண்டும், அந்த வித்தியாசம் பல வகையில் கிடைக்கிறது.

முதல் வகை, அந்த நொதி நம்மிடம் இல்லவே இல்லை. மலேரியா ஒட்டுண்ணிக்குள் ஏபிகோபிளாஸ்ட் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. எப்போதோ ஒரு சிவப்புப் பாசியை விழுங்கி வைத்துக்கொண்டதன் மிச்சம் அது. ஒளிச்சேர்க்கை போய்விட்டது, ஆனால் செடிகளும் பாக்டீரியாக்களும் ஐசோபிரினாய்டு செய்யும் பாதை அதற்குள் இன்னும் ஓடுகிறது. நாம் அதே பொருளை வேறு வழியில் செய்கிறோம். ஃபாஸ்மிடோமைசின் என்ற பொருள் அந்தப் பாதையின் ஒரு நொதியை அடைக்கிறது என்று 1999இல் காட்டினார்கள்.

இரண்டாவது, இருவரிடமும் இருக்கிறது, ஆனால் வடிவம் கொஞ்சம் வேறு. செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில் ஒரே மாதிரி தெரியும் இரண்டு கொலுசை எடுத்து, ஒன்றின் திருகாணியை மற்றதில் போட்டுப் பாருங்கள், பாதியில் நின்றுவிடும். ஃபோலேட் பாதையிலுள்ள டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நம்மிடமும் உண்டு, மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியத்திலும் உண்டு. பைரிமெத்தமின் என்ற மலேரியா மருந்து ஒட்டுண்ணியின் நொதியை நம்முடையதைவிடப் பல நூறு மடங்கு இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. இந்த வகைச் சிந்தனைக்காகத்தான் கெர்ட்ரூட் எலியன், ஜார்ஜ் ஹிச்சிங்ஸ் இருவருக்கும் 1988இல் நோபல் பரிசு கிடைத்தது (ஜேம்ஸ் பிளாக்கும் அந்த ஆண்டு உடன் பெற்றார்).

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது. நொதி ஒன்று, வடிவமும் கிட்டத்தட்ட ஒன்று, ஆனால் நமக்கு மாற்று வழி இருக்கிறது, ஒட்டுண்ணிக்கு இல்லை. நம் உயிரணுக்கள் டிஎன்ஏவுக்கு வேண்டிய துண்டுகளில் ஒரு வகையான பிரிமிடினைப் புதிதாகச் செய்யவும் செய்யும், ரத்தத்தில் கிடப்பதை எடுத்துக்கொள்ளவும் செய்யும். பிளாஸ்மோடியத்தால் கிடப்பதை எடுக்க முடியாது, ஒவ்வொன்றையும் தானே செய்தாக வேண்டும். இன்னொரு வகையான பியூரினில் கதை நேர் தலைகீழ், அங்கே அதற்குச் செய்யத் தெரியாது, நம்மிடம் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தூக்க நோய்க்கு 1990இல் அனுமதி பெற்ற எஃப்ளார்னிதின் ஆர்னிதின் டிகார்பாக்சிலேஸ் என்ற நொதியை ஒரேயடியாகச் செயலிழக்கச் செய்கிறது, மனித நொதியையும்தான். ஆனால் நம் உடம்பு அந்த நொதியை ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பாதிக்கு மேல் உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது, காம்பியன்ஸ் வகை ஒட்டுண்ணியோ பழைய நொதியையே நெடுநேரம் வைத்துக்கொள்கிறது. இழந்ததை நாம் உடனே ஈடு கட்டிவிடுகிறோம், ஒட்டுண்ணியால் முடிவதில்லை. கோமாவில் கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைத்த மருந்து அது. லாபம் இல்லை என்று 1990களில் அதன் தயாரிப்பே நின்றுபோனது, 2000இல் பெண்களின் முகத்து முடி வளர்ச்சியைக் குறைக்கும் க்ரீமாக அதே பொருள் கடைக்கு வந்தது, அதற்குப் பிறகு பலர் போராடித்தான் 2001இல் நோயாளிகளுக்கு மறுபடி கிடைக்க வழி பிறந்தது. இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும்.

கேள்வி: மலேரியா டெஸ்ட் கிட்டில் வரும் கோட்டுக்கும் நொதிக்கும் என்ன சம்பந்தம்?

எங்கள் தெருவில் ஓர் அண்ணன், சங்ககிரியிலிருந்து ராய்ப்பூருக்கும் ஒடிசாவுக்கும் லோடு ஏற்றிப் போகிறவர். போன மழைக்காலத்தில் திரும்பி வந்த மூன்றாம் நாள் நடுக்கத்தோடு காய்ச்சல், மூன்று கம்பளி போர்த்தியும் கட்டில் ஆடியது, கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பட்டையில் விட்டு, நாலைந்து சொட்டு திரவமும் ஊற்றினார்கள். கால் மணி நேரத்தில் இளஞ்சிவப்பாக இரண்டு கோடு. ஒன்று பட்டை சரியாக வேலை செய்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டுக் கோடு, மற்றது வைவாக்ஸ் என்ற வகை மலேரியா ஒட்டுண்ணிக்கு.

அந்த வைவாக்ஸ் கோடு பிடிப்பது ஒரு நொதியை: ஒட்டுண்ணியின் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ். சிவப்பணுவுக்குள் உட்கார்ந்திருக்கும் ஒட்டுண்ணி சர்க்கரையை விழுங்கும் வேகம் சாதாரணச் சிவப்பணுவைப் போலப் பல பத்து மடங்கு, நூறு மடங்கு வரைகூடச் சொல்கிறார்கள். விழுங்கிய சர்க்கரையை லாக்டேட்டாக வெளியே தள்ளுகிறது. கடுமையான மலேரியாவில் நோயாளிக்குச் சர்க்கரை இறங்குவதும் ரத்தம் அமிலமாவதும் ஏற்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபால்சிபாரம் என்ற இன்னொரு வகை மலேரியா ஒட்டுண்ணிக்கான கோடு வேறு ஒரு புரதத்தைப் பிடிக்கிறது, நோய் தீர்ந்த பின்னும் வாரக்கணக்கில் அது ரத்தத்தில் தங்கிக் கோட்டைக் காட்டும். நொதிக் கோடு அப்படி இல்லை, ஒட்டுண்ணி செத்தால் சீக்கிரமே மறைந்துவிடும்.

ஆய்வகத்திலும் இதே நொதிதான் கை கொடுக்கிறது. பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதம் இருந்தபோது இதைத் தினமும் பார்த்தேன். 96 குழித் தட்டில் ஒட்டுண்ணி வளர்ந்த ரத்தம், ஒவ்வொரு வரிசையிலும் மருந்தின் அளவு பாதி பாதியாகக் குறையும். மனித நொதி அவ்வளவாகத் தொடாத ஒரு துணைக்காரணியைச் சேர்த்து, சாயத்தையும் விட்டுக் காத்திருந்தால் ஒட்டுண்ணி உயிரோடு இருக்கும் குழிகள் மெல்ல ஊதா நிறமாகும். மருந்து வேலை செய்த குழிகள் வெளிறியபடியே நிற்கும். ஊதா எந்தக் குழியில் ஆரம்பிக்கிறது என்று குனிந்து பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே இந்தத் துறையில் இருக்கலாம் என்று தோன்றியது.

கேள்வி: பருத்திக்கொட்டையில் இருக்கும் காசிபால் அந்த நொதியைத் தடுக்கிறதாமே? பருத்திப்பால் குடித்தால் மலேரியா போகுமா?

காசிபால் தடுக்கிறது என்பது உண்மை. பருத்திப்பால் குடித்தால் போகாது. காசிபால் ஒட்டுண்ணியின் நொதியையும் பிடிக்கும், மனித நொதியையும் பிடிக்கும், வழியில் கிடைக்கும் வேறு பல புரதங்களையும் பிடிக்கும். சீனாவில் ஆண்களுக்கான கருத்தடை மருந்தாக அதைச் சோதித்து, சிலருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியதாலும் சிலருக்கு விந்து உற்பத்தி திரும்பாததாலும் கைவிட்டார்கள். பருத்திப்பாலைச் சுவைக்காகக் குடியுங்கள், காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: பள்ளியில் கொடுக்கும் பூச்சி மாத்திரையும் நொதியைத்தான் தடுக்கிறதா?

இல்லை. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாளை ஒட்டிக் கொடுக்கும் அல்பெண்டசோல் 400 மி.கி. (ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை பாதி) புழுவின் டியூபுலின் என்ற கட்டுமானப் புரதத்தைப் பிடிக்கிறது. அதனால் புழு சர்க்கரையை உறிஞ்ச முடியாமல் பட்டினியில் சாகிறது, ஆனால் அது பின்விளைவு.

புழுக்களில் நொதி வழியாக ஒரு நல்ல குறி இருக்கிறது, அதைச் சொல்ல ஆசை. உருண்டைப்புழு குடலுக்குள் ஆக்சிஜன் மிகக் குறைவான இடத்தில் குடியிருக்கிறது. அங்கே நம்மைப் போல ஆக்சிஜனிடம் எலெக்ட்ரானைக் கொடுக்க முடியாது. அதனால் ரோடோகுவினோன் என்ற தனிப் பொருளை வைத்துக்கொண்டு எலெக்ட்ரானை ஃபியூமரேட்டிடம் கொடுக்கிறது. நாம் ரோடோகுவினோன் செய்வதே இல்லை. அதைப் புழு எதிலிருந்து செய்கிறது என்பது 2019இல்தான் தெளிவானது: டிரிப்டோஃபான் உடையும் பாதையிலிருந்து. முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு ஆக்சிஜனில் வாழ்வதால் சாதாரண வழியில் போகிறது, குடலுக்கு வந்ததும் வழி மாறுகிறது. இந்த மாற்றத்தை அடைக்க ஒரு நல்ல மருந்து கிடைத்தால், கைக்குழந்தைக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை எனக்கு உண்டு.

கேள்வி: எங்கள் செம்மறிக்குப் பூச்சி மருந்து ஊற்றியும் கேட்கவில்லையே, ஏனுங்க?

மேச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் கேட்டது. ஆட்டின் கீழ் இமையை இழுத்துக் காட்டினார், வெள்ளைத்துணி போல இருந்தது, தாடைக்குக் கீழே நீர் கோத்துத் தொங்கியது. இரைப்பையில் ரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுவின் அடையாளங்கள் இவை. அல்பெண்டசோல் வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் ஒரே மாதிரி, அதுவும் எடை பார்க்காமல் குறைவாக ஊற்றினால், டியூபுலினில் 200ஆவது இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிய புழுக்கள் மட்டும் தப்பித்துப் பெருகும். அப்புறம் அந்த வகையில் எந்தப் பெயரில் மருந்து வாங்கினாலும் பயன் குறைவுதான். சாணியைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய் முட்டை எண்ணிக்கை பார்க்கச் சொன்னேன், மருந்து கொடுத்து இரண்டு வாரம் கழித்து மறுபடியும். மாற்றுக் குழு மருந்தை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: கோழியின் ரத்தக்கழிச்சலுக்குக் கொடுக்கும் ஆம்ப்ரோலியம் எப்படி வேலை செய்கிறது?

நாமக்கல் பண்ணைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் கேட்பார்கள். ஆம்ப்ரோலியம் பார்க்க வைட்டமின் பி1 மாதிரி இருக்கும், ஐமீரியா ஒட்டுண்ணிக்குள் பி1 நுழையும் வாசலை அடைத்துவிடும். பி1 இல்லாமல் சர்க்கரையைக் கையாளும் பல நொதிகள் நிற்கும். கோழியின் வாசல் அவ்வளவு எளிதில் அடைபடாது, ஆனால் அளவு மீறினால் அடைபடும். அதனால்தான் மருந்து நாட்களில் வைட்டமின் பி1 அள்ளிக் கொட்டக் கூடாது, மருந்து வீணாகும்.

கேள்வி: நல்ல குறி என்று எல்லோரும் நம்பி, பிறகு பொய்த்துப்போன நொதிகள் உண்டா?

நிறைய உண்டு. இதைத்தான் நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன், இதைத்தான் பிள்ளைகள் குறைவாகக் கேட்கிறார்கள்.

2001இல் பெங்களூரில் நமீதா சுரோலியா, அவதேஷ சுரோலியா இருவரும் ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். சோப்பிலும் பற்பசையிலும் கிருமிநாசினியாகச் சேர்த்த டிரைக்ளோசான் மலேரியா ஒட்டுண்ணியைக் கொல்கிறது, கொழுப்பு அமிலம் செய்யும் பாதையின் ஒரு நொதியையும் அடைக்கிறது என்று காட்டினார்கள். ஏபிகோபிளாஸ்ட்டுக்குள் அந்தப் பாதை ஓடுகிறது, நம்முடையது அமைப்பிலேயே வேறு. உலகமே அந்த நொதியின் பின்னால் ஓடியது. 2008 வாக்கில் வேறு ஆய்வகங்கள் அந்த மரபணுவையே நீக்கிப் பார்த்தன. ரத்தத்தில் ஒட்டுண்ணி எதுவும் நடக்காதது போல வளர்ந்தது! எலி மலேரியாவில், ரத்தத்துக்கு வருமுன் ஒட்டுண்ணி கல்லீரலில் வளரும் பருவம் மட்டும் முடிவுக்கு வரமுடியாமல் நின்றது. அப்படியானால் டிரைக்ளோசான் ரத்தத்தில் ஒட்டுண்ணியைக் கொன்றது வேறு வழியாகத்தான். 2011இல் இன்னும் தெளிவாயிற்று: ஐசோபிரினாய்டுக்கு வேண்டிய ஒரே ஒரு பொருளை வெளியிலிருந்து ஊற்றினால், ஏபிகோபிளாஸ்ட் முழுவதும் தொலைந்தாலும் ரத்தப் பருவ ஒட்டுண்ணி பிழைத்துக்கொள்கிறது. அந்த உறுப்பில் ரத்தப் பருவத்துக்கு அத்தியாவசியம் என்று இருப்பது அந்த ஒன்றுதான்.

ஹீம் கதையும் இப்படித்தான். ஹீமோகுளோபினையே தின்று வாழும் ஒட்டுண்ணி, ஹீமைத் தானும் தனியாகச் செய்கிறது என்று கண்டுபிடித்தது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கோ. பத்மநாபன் குழு. மருந்துக்கு அருமையான இடம் என்று தோன்றியது. பிறகு 2013இல் அதே குழுவே மரபணுக்களை நீக்கிப் பார்த்து, ரத்தப் பருவத்துக்கு அந்தப் பாதை தேவையில்லை, கொசுவுக்குள்ளும் கல்லீரலிலும்தான் தேவை என்று எழுதியது. தன் சொந்த யோசனையைத் தானே சோதித்து, வந்த பதிலை அப்படியே அச்சில் போடுவதை என் மாணவர்களுக்கு நான் காட்டும் உதாரணமாக வைத்திருக்கிறேன்.

தென் அமெரிக்காவில் பரவும் ஒட்டுண்ணி நோயான சாகாஸில் விஷயம் இன்னும் கசப்பானது, ஏனென்றால் அது நோயாளிகள் வரை போய்த்தான் பொய்த்தது. பொசகோனசோல் ஒட்டுண்ணியின் ஸ்டெரால் செய்யும் நொதியைப் பிரமாதமாகத் தடுத்தது, எலியைக் குணமாக்கியது. 2014இல் வெளியான மனிதச் சோதனையில் மருந்து நின்றதும் பெரும்பாலானோருக்கு ஒட்டுண்ணி திரும்பித் தெரிந்தது, பழைய பென்ஸ்னிடசோல்தான் மேலாக நின்றது.

கேள்வி: நொதி மருந்துகளுக்கு எதிர்ப்புத்திறன் சீக்கிரம் வந்துவிடுகிறதே?

வருகிறது. ஒரே நொதி, ஒரே குழி, அதில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும். பைரிமெத்தமினுக்கு 108ஆவது இடத்தில் செரின் போய் அஸ்பராஜின் வந்தது, மருந்தின் விறைப்பான குளோரின் வளையம் அதில் முட்டிக்கொண்டு உள்ளே உட்கார முடியவில்லை. தாய்லாந்தில் யோங்யுத் யுத்தவோங் குழு அந்த மாறிய நொதியின் வடிவத்தைப் பார்த்து, வளைந்து கொடுக்கும் கையுள்ள பி218 என்ற மூலக்கூறை வடிவமைத்தது. நொதியின் இயல்பான பொருள் எந்த இடத்தை அடைக்குமோ அதற்குள்ளேயே இதுவும் அடங்கும், அப்படியிருந்தால் இதைத் தள்ளும் மாற்றம் நொதியின் சொந்த வேலையையும் கெடுக்கும். நொதியை வைத்து மருந்து வடிவமைப்பதில் இதைவிட அழகான யோசனையை நான் பார்த்ததில்லை. மனிதர்களில் ஆரம்பக் கட்டச் சோதனை வரை அது வந்திருக்கிறது.

பிரிமிடின் பாதையை அடைக்கும் டிஎஸ்எம்265 ஒரே வேளை மருந்தாக வரும் என்று நம்பினோம், நாட்கணக்கில் ரத்தத்தில் தங்கும். பெருவில் நோயாளிகளுக்குக் கொடுத்தபோது சிலரிடம் நொதி மாறிய ஒட்டுண்ணிகள் தலைகாட்டின.

அடோவகுவோன் என்ற மலேரியா மருந்தின் கதை இன்னும் சுவையானது. அது மைட்டோகாண்ட்ரியாவின் சைட்டோகுரோமை அடைக்கிறது. ஆனால் ரத்தப் பருவ ஒட்டுண்ணி சர்க்கரையில்தானே ஆற்றல் எடுக்கிறது, மைட்டோகாண்ட்ரியா நின்றால் ஏன் சாக வேண்டும்? 2007இல் ஈஸ்ட்டின் ஒரு நொதியை ஒட்டுண்ணிக்குள் வைத்துப் பார்த்தார்கள், பிரிமிடினை மைட்டோகாண்ட்ரியா உதவியில்லாமல் செய்யும் நொதி. அடோவகுவோன் அந்த ஒட்டுண்ணியைத் தொடவில்லை. அதாவது ரத்தப் பருவத்தில் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலி ஓடுவதே முக்கியமாகப் பிரிமிடினுக்காகத்தான். அடோவகுவோனைத் தனியாகக் கொடுத்தால் ஒரே மாற்றத்தில் ஒட்டுண்ணி தப்பிவிடும், அதனால் புரோகுவானில் என்ற இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுக்கிறார்கள். தப்பிய ஒட்டுண்ணிக்குக் கொசுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா நன்றாக வேலை செய்தாக வேண்டும், அங்கே அது தடுமாறிப் பரவ முடியாமல் போகிறது என்று 2016இல் காட்டினார்கள்.

கேள்வி: சீதபேதிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோலும் இந்த வகையா?

கொஞ்சம் எதிர்மாறு. அமீபா ஆக்சிஜன் இல்லாமல் வாழ வைத்திருக்கும் நொதிகளே அந்த மாத்திரைக்கு எலெக்ட்ரானைக் கொடுத்து அதை விஷமாக்குகின்றன. நொதியை நிறுத்தவில்லை, நொதியைக் கொண்டே கொல்கிறோம். வாயில் இரும்புச் சுவை வந்தது என்று பாதியில் நிறுத்த வேண்டாம், சொன்ன நாள் வரை போடுங்கள்.

கேள்வி: மலேரியா மருந்து சாப்பிடும்போது ஃபோலிக் அமில மாத்திரை போடலாமா?

சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் கலந்த மருந்து என்றால் கவனம் வேண்டும். அது ஒட்டுண்ணியின் ஃபோலேட்டைத்தான் அடைக்கிறது, 5 மி.கி. ஃபோலிக் அமில மாத்திரை கூடவே போனால் மருந்தின் பலன் குறையலாம். அரசு கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் இருப்பது அதில் பத்தில் ஒரு பங்கு, 0.5 மி.கி.தான், அதைப் பற்றிய கவலை குறைவு. கர்ப்பிணிகள் எதையும் தாமாக நிறுத்தவும் வேண்டாம், சேர்க்கவும் வேண்டாம், இரண்டு மாத்திரை அட்டையையும் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பிரைமாகுயின் 14 நாள் போடுவதற்கு முன் ஏதோ நொதி டெஸ்ட் என்கிறார்களே, அது ஒட்டுண்ணியின் நொதியா?

இல்லை, அது நம் நொதி, ஜி6பிடி. சிவப்பணுவை ஆக்சிஜனேற்றத்திலிருந்து காப்பது அது. பிறவியிலேயே அது குறைவாக உள்ளவர்களுக்குப் பிரைமாகுயின் போட்டால் சிவப்பணுக்கள் உடையும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும். அப்படிப் போனால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஏற்காட்டு மலைக் கிராமத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவி, ஒவ்வொரு வீட்டிலும் இந்த நிறத்தைத்தான் சொல்லிப் புரிய வைக்கிறாள், காப்பித் தோட்டத்து மக்களுக்கு வேறு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒட்டுண்ணியிடமும் ஒரு ஜி6பிடி உண்டு, ஆனால் நம்மிடம் தனித்தனியாக இருக்கும் இரண்டு நொதிகள் அதில் ஒரே புரதமாக ஒட்டிப் பிறந்திருக்கின்றன. அந்த வித்தியாசத்தைப் பிடித்து மருந்து தேடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

அந்த லாரி ஓட்டும் அண்ணன் மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், வீட்டார்தான் 14 நாளும் எண்ணிக் கொடுத்தார்கள். வைவாக்ஸ் கல்லீரலில் தூங்கிக் கிடக்கும், மாதங்கள் கழித்து எழும், அதைக் கொல்லத்தான் பிரைமாகுயின்.

கேள்வி: ஏற்காட்டு மூலிகை ஒன்றைக் கணினியில் நொதியோடு பொருத்திப் பார்த்தேன், மைனஸ் 9.1 வந்தது. மருந்து கண்டுபிடித்துவிட்டேனா?

இது புராஜெக்ட் பிள்ளைகளின் கேள்வி, அதனால் நேராகவே சொல்கிறேன். இல்லை. அந்த எண் பொருள் நொதியோடு எவ்வளவு இறுக்கமாக ஒட்டும் என்பதன் ஒரு மதிப்பீடு, அதில் இரண்டு மூன்று கிலோகலோரி பிழை சாதாரணம். மைனஸ் 8.6 வந்த பொருளைவிட மைனஸ் 9.1 சிறந்தது என்று வரிசைப்படுத்தி அட்டவணை போடுவதில் அர்த்தம் இல்லை. குவர்செட்டின், குர்குமின் மாதிரிப் பொருள்கள் எந்தப் புரதத்தோடு பொருத்தினாலும் நன்றாகத்தான் பொருந்தும், சோதனைக் குழாயிலும் எதையாவது தடுத்துக்கொண்டே இருக்கும், உடம்புக்குள் போனால் குடலைத் தாண்டுவதற்குள் உருமாறிவிடும்.

மூலிகையை மட்டமாகச் சொல்லவில்லை. ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்து ஒரு செடியிலிருந்துதான் வந்தது. கொதிக்க வைத்து எடுத்த சாறு சரியாக வேலை செய்யாமல், குறைந்த வெப்பத்தில் ஈதரில் எடுத்தபோது வேலை செய்தது, அதைக் கண்டுபிடித்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015இல் நோபல் கிடைத்தது. அவர் முதலில் பார்த்தது எலியில் ஒட்டுண்ணி சாகிறதா என்பதை, நொதியின் பெயரை இல்லை.

உங்கள் புராஜெக்ட்டை நன்றாகச் செய்ய வழி இருக்கிறது, செலவும் இல்லை. பொருத்துவதற்கு முன் அந்த நொதி ரத்தப் பருவத்தில் தேவைதானா என்று பாருங்கள். 2018இல் ஃபால்சிபாரத்தில் 38,000க்கு மேற்பட்ட இடங்களில் மரபணுக்களை உடைத்துப் பார்த்து, சுமார் 2,680 மரபணுக்கள் இல்லாமல் ரத்தப் பருவத்தில் வளர முடியாது என்று பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் நொதி அதில் இருக்கிறதா? இல்லையென்றால் தலைப்பை மாற்றுங்கள், என்னிடம் வந்து சொல்லுங்கள், திட்ட மாட்டேன். இருந்தால், படிகத்தில் ஏற்கெனவே நொதியோடு சேர்ந்திருக்கும் தடுப்பானைக் கழற்றி, அதையே திரும்பப் பொருத்திப் பாருங்கள். பழைய இடத்திலிருந்து இரண்டு ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து உட்காராவிட்டால் உங்கள் அமைப்பே சரியில்லை. பிறகு அதே பொருளை மனித நொதியிலும் பொருத்துங்கள். லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் எடுத்தவர்கள், செயல்மையத்தின் மேல் மூடும் வளையத்தில் ஒட்டுண்ணிக்கு மட்டும் ஐந்து அமினோ அமிலம் கூடுதலாக இருப்பதைப் பாருங்கள், உங்கள் பொருள் அந்த இடத்தைத் தொடுகிறதா என்று படத்தில் காட்டுங்கள். தொடவில்லை என்றால் அதையும் அறிக்கையில் எழுதுங்கள், நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன்.